விடுதலையும் ஒரு விதிவிலக்கும்

நாம் குடியேறி வாழும் இம்மராட்டிய மண்ணில், புனே நகரில், 1873-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் மகாத்மா ஜோதிராவ் புலே. நூலின் பெயர் ‘குலாம்கிரி’. தமிழில் ‘அடிமைத்தனம்’ எனலாம். இந்நாட்டில் அடித்தட்டில் அழுந்திக் கிடந்த மக்களின் நிலையை உரைக்க எழுந்த அந்நூலை அவர் யாருக்குக் காணிக்கையாக்கினார் என்பது அறியத்தக்கது. கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காகத் தன்னலமின்றிப் பாடுபட்ட அமெரிக்க நாட்டு நன்மக்களுக்கு அதனைக் காணிக்கையாக்கினார். கடலுக்கு அப்பால் நிகழ்ந்த ஒரு விடுதலையைக் கண்டு, அத்தகையதொரு நாள் இங்கும் வாராதா என ஏங்கிய உள்ளத்தின் அடையாளம் அது.

அவ்வாறு புலே அவர்கள் போற்றிய விடுதலைக்குப் பின் அம்மக்கள் வாழ்வில் என்ன நிகழ்ந்தது என்பதை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் நமக்கு நெடுநாளாக உண்டு. அதற்கு ஒரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நம் சங்கத்துக் குடும்பங்களில் மகனோ மகளோ மருமகனோ அமெரிக்காவில் இல்லாத குடும்பம் இன்று அரிது. அங்கிருந்து வரும் செய்திகளில் வேலையும் வீடும் பேரப்பிள்ளைகளும் இடம்பெறுவதுபோல், ‘இன்ன பகுதிப் பக்கம் போகக் கூடாது, அது கறுப்பர்கள் வாழும் இடம்’ என்னும் எச்சரிக்கையும் இடம்பெறுகிறது. அதைக் கேட்கும் நாமும், ‘ஆம், ஆம், கவனமாக இரு’ என்கிறோம். ஒரு மக்கள் கூட்டத்தையே குற்றவாளிகளாகக் காணும் இந்தப் பார்வை நம்மவர்க்கு எங்கிருந்து வந்தது? நாம் பிறந்த ஊரிலிருந்து கொண்டுசென்றதா? அங்குப் போய்க் கற்றதா?

சொல்லைப் பற்றி ஒரு சொல். நம் இளமையில் தமிழ் நூல்களும் இதழ்களும் அம்மக்களை ‘நீக்ரோக்கள்’ என்றே எழுதின. நாமும் அவ்வாறே எழுதினோம். அவர்கள் அப்பெயரை வேண்டாம் எனத் தள்ளிவிட்டனர். ஆகவே நாமும் இங்குக் கறுப்பின மக்கள் என்றே குறிப்போம்.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம் 1865-ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறியது. ஏறத்தாழ 40 லட்சம் மக்களை அடிமைத்தளையினின்று விடுவித்த போரின் முடிவை அது சட்டமாக்கிற்று. இரண்டே வரிகள் கொண்ட சிறிய திருத்தம். அடிமை முறையோ கட்டாய ஊழியமோ அந்நாட்டில் எங்கும் இருத்தலாகாது என்பது அதன் கருத்து. ஆயின் அதன் நடுவே ஒரு விதிவிலக்கு அமர்ந்திருக்கிறது: முறைப்படி குற்றம் உறுதி செய்யப்பட்டவர்க்குத் தண்டனையாக விதிக்கப்படுவது தவிர. பின்னாளில் விளைந்த எல்லாத் துன்பத்துக்கும் இந்த ஒரு சொற்றொடரே காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆனால் திறந்து வைத்த கதவு எங்கே இருக்கிறது என்பதைத் தெற்கு மாநிலங்களின் பழைய எசமானர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர்.

போர் முடிந்த அதே 1865-இல் மிசிசிப்பி மாநிலம் விடுதலை பெற்றவர்களுக்கென்றே தனிச் சட்டங்கள் இயற்றியது. ஆண்டுதோறும் ஜனவரித் திங்களில், தனக்கு வேலை உண்டு என்பதற்குக் கறுப்பினத்தவர் எழுத்துச் சான்று காட்ட வேண்டும். காட்ட இயலாதவன் ‘வேலையின்றித் திரிபவன்’ என்னும் குற்றத்துக்கு உள்ளாவான். அபராதம் விதிக்கப்படும். நேற்றுவரை அடிமையாக இருந்தவன் கையில் பணம் ஏது? அபராதத்தைக் கட்ட முன்வரும் வெள்ளையரிடம் அவன் கூலியின்றி உழைத்துக் கழிக்க வேண்டும். குற்றம், அபராதம், கட்ட இயலாமை, உழைப்பு என்னும் இந்நான்கு கண்ணிகளையும் அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நாம் மீண்டும் இவற்றிடம் வருவோம்.

அடுத்து எழுந்தது கைதிகளை வாடகைக்கு விடும் முறை. மாநில அரசுகள் தம் சிறைக் கைதிகளைச் சுரங்க முதலாளிகளுக்கும், இருப்புப்பாதை போடுவோருக்கும், கரும்புத் தோட்டக்காரர்களுக்கும் தலைக்கு இவ்வளவு எனக் குத்தகைக்கு விட்டன. புலே அவர்கள் தம் காணிக்கை உரையை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இம்முறை தெற்கில் வேரூன்றிக்கொண்டிருந்தது என்பதை எண்ணும்போது நமக்கு ஒருவகை வேதனை உண்டாகிறது. அலபாமா மாநிலத்தில் 1898-ஆம் ஆண்டு அரசு வருவாயில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவ்வழியே வந்தது என்பர். வருவாய் தரும் பண்டமாகக் கைதி ஆகிவிட்ட பின்னர், கைதிகள் குறைவதை எந்த அரசு விரும்பும்?

இம்முறை ஒருவகையில் அடிமை முறையினும் கொடிது. அடிமைக்கு விலை உண்டு. விலை கொடுத்து வாங்கியவன் தன் மாட்டைக் காப்பதுபோலேனும் அவனைக் காத்தான். வாடகைக் கைதி இறந்தால் முதலாளிக்கு நட்டமில்லை, வேறொருவன் வருவான்.

ஒருவரது வரலாற்றை மட்டும் இங்குக் கூறுவோம். டக்ளஸ் பிளாக்மன் என்னும் இதழாளர் அலபாமாவின் பழைய நீதிமன்ற ஏடுகளைத் தேடியெடுத்து, அடிமை முறைக்கு இன்னொரு பெயர் என்னும் பொருள்படும் தலைப்பில் 2008-இல் எழுதிய நூலில் இது காணப்படுகிறது. கிரீன் காட்டன்ஹாம் என்னும் 22 வயது இளைஞர். அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகன். 1908 மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள் ஷெல்பி மாவட்டத்தில் பிடிக்கப்பட்டார். குற்றம்: வேலையின்றித் திரிந்தது. தண்டனை 30 நாள் கடின உழைப்பு. பிடித்தவருக்கும் எழுதியவருக்கும் சாட்சிக்கும் உரிய கட்டணங்களைக் கட்ட இயலாமையால் 30 நாள் ஏறத்தாழ ஓராண்டாக நீண்டது. திங்களுக்கு 12 டாலர் எனப் பர்மிங்காம் நகரை அடுத்த நிலக்கரிச் சுரங்கத்துக்கு மாவட்டம் அவரை விற்றது. அச்சுரங்க நிறுவனம் அமெரிக்காவின் மாபெரும் எஃகுக் குழுமத்துக்கு உரியது. ஆகஸ்டில் அவர் உயிரோடு இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1911 ஏப்ரலில், அதே பகுதியைச் சேர்ந்த பானர் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்து 128 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினக் கைதிகள். சிறு குற்றங்களுக்காகச் சில வாரத் தண்டனை பெற்றவர்களும் அவர்களுள் உண்டு. அலபாமா இம்முறையைக் கைவிட்டது 1928-இல்தான். மாநிலங்களுள் அதுவே கடைசி.

நாம் சில ஆண்டுகளுக்கு முன் படித்த ஒரு செய்தி இன்றும் நெஞ்சை விட்டு அகலவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் சுகர்லாந்து என்றோர் ஊர். பெயருக்கேற்பக் கரும்பால் வளர்ந்த ஊர். அங்கே பள்ளிக்கூடம் கட்ட 2018-இல் நிலத்தைத் தோண்டியபோது எலும்புகள் அகப்பட்டன. தொடர்ந்து தோண்டத் தோண்ட 95 பேரின் உடல்கள் வெளிப்பட்டன. எல்லாம் வாடகைக்கு விடப்பட்ட கைதிகளுடையவை எனத் தெளிவாயிற்று. அவர்களுள் 14 வயதே ஆன சிறுவனும் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணித்தனர். இதில் வியப்பு என்னவெனில், அந்நிலத்தருகே புதைகுழிகள் இருக்கும் என ஒருவர் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பெயர் ரெஜினால்ட் மூர். முன்னாள் சிறைக் காவலர். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. மண்வெட்டி பட்ட பின்னரே ஏறியது. 2019-இல் அவர்களை முறைப்படி மீண்டும் அடக்கம் செய்தனர். மூர் மறுஆண்டு மறைந்தார்.

அபராதமும் வரியும் மனிதனைச் சுரங்கத்தில் தள்ளும் இந்த வித்தை நம்மவர் அறியாதது அன்று. நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற நம் மக்கள் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் உரிமையோடு வாழ விரும்பினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என 1895-இல் சட்டம் செய்தனர். கட்ட முடியாதவன் மீண்டும் ஒப்பந்தத்தில் கைந்நாட்டு இடவேண்டும் என்பதே அதன் உட்கருத்து. 1913-இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சுரங்கக் கொட்டடிகளையே சிறைகளாக அறிவித்து, மேலாட்களைச் சிறைக்காவலர்களாக்கி, அதே சுரங்கத்தில் வேலை வாங்கினர். தில்லையாடி வள்ளியம்மையின் உயிரைக் கொண்ட போராட்டம் அதுதான். அப்போராட்டத்தில் பிறந்த ஒரு முறை, சிறை செல்வதையே படைக்கலமாக்கும் முறை, காந்தியடிகளின் வழியே இந்தியாவுக்கு வந்து, பின்னர் அமெரிக்கக் கறுப்பின மக்களைச் சென்றடைந்தது.

மார்ட்டின் லூதர் கிங் 1959 பிப்ரவரியில் தம் துணைவியாரோடு இந்தியாவுக்கு வந்தார். ஒரு திங்கள் சுற்றினார். சென்னை, காந்திகிராமம், திருவனந்தபுரம், குமரிமுனை எனத் தென்கோடிவரை சென்றார். கேரளத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர் பயிலும் ஒரு பள்ளியில், தலைமையாசிரியர் அவரை ‘அமெரிக்காவிலிருந்து வந்துள்ள நம்மைப் போன்ற தீண்டப்படாதவர்’ என்று அறிமுகம் செய்தாராம். முதலில் திடுக்கிட்டதாகவும், பிறகு எண்ணிப் பார்த்து ‘ஆம், நான் அதுவே’ என உணர்ந்ததாகவும் கிங் அவர்களே பின்னாளில் கூறினார். இத்தகைய உறவு அன்று தொடங்கியதும் அன்று. லாலா லஜபதி ராய் அமெரிக்காவில் வாழ்ந்த காலத்தில் கறுப்பினப் பேரறிஞர் டூ பாய்ஸ் அவர்களோடு நட்புக் கொண்டிருந்தார். அண்ணல் அம்பேத்கர் 1946-இல் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த முறையீட்டின் படிகளைக் கேட்டார்.

1963-இல் கிங் சிறைப்பட்ட நகரம் எது? பர்மிங்காம். காட்டன்ஹாம் மாண்ட சுரங்கம் இருந்த அதே பர்மிங்காம். நாளிதழின் ஓரங்களில் எழுதத் தொடங்கிய அவரது சிறைக் கடிதம் இன்று உலகப் புகழ் பெற்றது. அடுத்த மாதம் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரவர் தெருவில் இறங்கினர். நூற்றுக்கணக்கில் சிறை புகுந்தனர். ஏவிவிடப்பட்ட நாய்களையும் பீய்ச்சியடித்த நீரையும் தாங்கினர். செக்கிழுத்த சிதம்பரனாரைப் பெற்ற நமக்குச் சிறை மாண்பு புரியும். ஆயின் போராடிச் சிறை செல்வோரின் சிறை வேறு, பிடித்துச் செல்லப்படுவோரின் சிறை வேறு. முன்னவர்க்கு வெளியே மாலை காத்திருந்தது. பின்னவர்க்கு வெளியே எதுவும் காத்திருக்கவில்லை. 1963-க்குப் பின் வந்த அரை நூற்றாண்டில் நிரம்பியது இரண்டாவது சிறை.

இடையே மற்றொன்றும் நிகழ்ந்தது. 1910-க்கும் 1970-க்கும் இடையே ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்குச் செல்லும் ரயிலில், உணவுப் பெட்டியில் தமக்கு இடமில்லை என்பதால், காலணி அட்டைப்பெட்டிகளில் வறுத்த கோழியும் ரொட்டியும் கட்டிக்கொண்டு சென்றனர். புளியோதரைப் பொட்டலத்தோடு தாதரில் வந்திறங்கிய தலைமுறைக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. அவர்களும் பிழைப்பும் மானமும் தேடிப் புலம்பெயர்ந்தவர்களே. வேறுபாடு ஒன்றுண்டு. நாம் வந்த நகரில் நமக்கு எதிராகச் சில காலம் கல் பறந்ததும் உண்டு. கடைகள் நொறுங்கியதும் உண்டு. ஆனால் எந்தத் தெருவில் வீடு வாங்கலாம், எந்தத் தெருவில் வங்கிக் கடன் கிடைக்காது என்று வரைபடத்தில் சிவப்பு மை இட்டு நம்மை எவரும் அடைக்கவில்லை. அவர்களை அடைத்தனர். பின்னர் 1970-களில் ஆலைகள் மூடப்பட்டபோது, அடைபட்ட அப்பகுதிகளில் வேலை வற்றியது. வேலை வற்றிய இடத்தில் என்ன பெருகும் என்பதை ஆலைகள் மூடிய கிரண்காவைக் கண்டவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த ரயில் சென்று நின்ற சிகாகோவின் தெற்குப் பகுதியில், 1972 முதல் 1991 வரை, ஜான் பர்ஜ் என்னும் காவல் அதிகாரியும் அவருக்குக் கீழ்ப்பட்டோரும் நூற்றுக்கு மேற்பட்டோரைச் சித்திரவதை செய்தனர். ஏறத்தாழ எல்லோரும் கறுப்பின ஆடவர். மின்சாரம் பாய்ச்சினர், தலையில் பை கவிழ்த்து மூச்சுத் திணறச் செய்தனர், துப்பாக்கியை வாயில் வைத்து மிரட்டினர். கேட்டபடி ஒப்புதல் வாக்குமூலம் எழுதி வாங்கினர். அவ்வாக்குமூலங்களின் பேரில் சிலர் தூக்குத்தண்டனைக் கொட்டடி வரை சென்றனர். அடிபட்டவர்கள் சொன்னார்கள், நீதிமன்றம் நம்பவில்லை. 1989-இல் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, காவல் துறைக்குள்ளிருந்தே எவரோ பெயரில்லாக் கடிதங்களை வழக்கறிஞர்களுக்கு அனுப்பினார். யாரைத் தேட வேண்டும் என்று அவை வழிகாட்டின. அந்த முகமறியா மனிதரை எண்ணி நாம் வணங்குகிறோம். பர்ஜ் 1993-இல் வேலை நீக்கம் செய்யப்பட்டார். 2003 ஜனவரியில் இல்லினாய் ஆளுநர் ஜார்ஜ் ரயன் அவ்வாறு மரண தண்டனை பெற்றிருந்த நால்வரை மன்னித்தார். சித்திரவதைக் குற்றத்துக்கு வழக்குத் தொடுக்கும் காலவரம்பு கடந்துவிட்டதால், பர்ஜ் 2010-இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டது பொய்ச்சாட்சி கூறியதற்காகவும் நீதிக்கு இடையூறு செய்ததற்காகவும் மட்டுமே: தண்டனை நான்கரை ஆண்டு. 2015-இல் சிகாகோ மாநகர மன்றம் 55 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியதோடு, இவ்வரலாற்றைப் பொதுப் பள்ளிகளில் 8-ஆம், 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் தீர்மானித்தது. காவல் துறையின் கொடுமை அந்நகரின் பாடப்புத்தகத்திலேயே ஏறியது, பாதிக்கப்பட்டவர்கள் கேட்டுப் பெற்ற இழப்பீட்டின் ஒரு பகுதியாகத்தான்.

சிறைச்சாலையின் உள்ளிருந்து எழுந்த குரல்களுள் பெரியது அட்டிகாவினது. நியூயார்க் மாநிலத்தில், நகரங்களுக்கு நெடுந்தொலைவில், வெள்ளையர் வாழும் நாட்டுப்புறத்தில் அமைந்த சிறை அது. உள்ளே 2,200-க்கு மேற்பட்டோர். பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். காவலர் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர். வாரத்துக்கு ஒரு குளியல். 1971 செப்டம்பர் 9-ஆம் நாள் ஏறத்தாழ 1,300 கைதிகள் சிறையின் ஒரு பகுதியைக் கைப்பற்றிக் காவலர்களையும் ஊழியர்களையும் பிணையாகப் பிடித்தனர். மருத்துவம், உணவு, நியாயமான கூலி, வழிபாட்டு உரிமை ஆகியவற்றை அவர்கள் கேட்டனர். நான்கு நாள் பேச்சு நடந்தது. ஆளுநர் ராக்ஃபெல்லர் நேரில் வர மறுத்தார். 13-ஆம் நாள் காலை காவற்படை சுட்டுக்கொண்டே நுழைந்தது. 39 பேர் மாண்டனர். 29 பேர் கைதிகள், 10 பேர் பிணையாளிகள்.

கைதிகள் பிணையாளிகளின் கழுத்தை அறுத்துக் கொன்றனர் என்று அன்றே அதிகாரிகள் அறிவித்தனர். நாளிதழ்கள் அதை அப்படியே அச்சிட்டன. மறுநாள் சவப்பரிசோதனை செய்த மருத்துவர் ஜான் எட்லண்ட் உண்மையைச் சொன்னார்: பிணையாளிகள் மாண்டது துப்பாக்கிக் குண்டினால். கைதிகளிடம் துப்பாக்கி இல்லை. கோவலன் கள்வன் என்று முதலில் சொன்னவன் பொற்கொல்லன். முதலில் சொன்னவன் சொல்லே அரண்மனையில் ஏறியது. சிலம்பு உடைந்த பின்னரே உண்மை தெறித்தது. அட்டிகாவில் அது சவப்பரிசோதனை மேசையில் தெறித்தது. ஆனால் பாண்டியனைப் போல் எவரும் அரியணையில் துவண்டு விழவில்லை. கைதிகளுக்கும் அவர்தம் வழக்கறிஞர்களுக்கும் 1 கோடியே 20 லட்சம் டாலர் தர மாநில அரசு உடன்பட்டது 2000-ஆம் ஆண்டில். 29 ஆண்டுகள்.

அந்த ஆளுநர் ராக்ஃபெல்லரே 1973-இல் போதைப்பொருள் சட்டங்களைக் கொண்டுவந்தார். இரண்டு அவுன்சு விற்றாலே 15 ஆண்டு முதல் ஆயுள்வரை. போதைப்பொருளே நாட்டின் முதற்பகை என அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே குடியரசுத் தலைவர் நிக்சன் முழங்கியிருந்தார். 1986-இல் நடுவண் அரசு இயற்றிய சட்டம் இன்னும் விந்தையானது. ஏழைகளின் தெருக்களில் விற்ற ‘கிராக்’ என்னும் கட்டிக் கோக்கெயின் 5 கிராம் விற்பதற்கென வைத்திருப்பவனுக்குக் குறைந்தது 5 ஆண்டு. வசதியுள்ளோர் பயன்படுத்திய தூள் கோக்கெயினுக்கு அதே தண்டனை 500 கிராமுக்கு. முன்னது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை அளவு; பின்னது அரைக் கிலோ. பொருள் ஒன்று, வடிவம்தான் வேறு. குறைந்த அளவுத் தண்டனையைச் சட்டமே விதித்துவிட்டதால் நீதிபதியின் கை கட்டப்பட்டது. 1995-இல் தண்டனை ஆணையமே இவ்வேறுபாட்டை நீக்கச் சொன்னது, காங்கிரசு மறுத்தது. 2010-இல் நூற்றுக்கு ஒன்று என்பது பதினெட்டுக்கு ஒன்று ஆயிற்று. முற்றும் நீங்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கறுப்பினத் தலைவர்களுள் பலரும் அந்நாளில் கடுஞ்சட்டங்களை ஆதரித்தனர். தம் தெருவில் நாள்தோறும் துப்பாக்கி ஒலி கேட்டவர்கள் அவர்களே; பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் அவர்களே. இதனை ஜேம்ஸ் ஃபோர்மன் என்னும் கறுப்பினச் சட்ட அறிஞர் 2017-இல் ஒரு நூலாகவே எழுதியுள்ளார். அவர்கள் கேட்டது காவலும் பள்ளியும் வேலையும் சேர்ந்த ஒரு தொகுதி. கிடைத்தது காவல் மட்டுமே.

1970-களின் தொடக்கத்தில் அந்நாட்டுச் சிறைகளிலும் உள்ளூர்க் காவற்கூடங்களிலும் இருந்தோர் மூன்றரை லட்சம் அளவில். 2008-இல் 23 லட்சம். மக்கள்தொகையில் 13 விழுக்காடே உள்ள கறுப்பினத்தவர் சிறையில் ஏறத்தாழ 40 விழுக்காடு. அவ்வாண்டு 20 முதல் 34 வயதுவரை உள்ள கறுப்பின ஆடவருள் ஒன்பதில் ஒருவர் கம்பிக்குள் இருந்தார். பின்னர் இத்தொகை குறைந்துள்ளது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் எண்கள் ஒரு வீட்டின் வெறுமையைக் காட்டுவதில்லை.

வாஷிங்டன் நகரில் மார்த்தா ரைட் என்றொரு பாட்டி இருந்தார். ஓய்வுபெற்ற செவிலி, கண்பார்வை இழந்தவர். பேரன் சிறையில். தொலைவிலுள்ள சிறைகளுக்கு அவனை மாற்றிக்கொண்டே இருந்தனர். கண் தெரியாதவர் கடிதம் படிக்க இயலாது. நெடுந்தொலைவு பயணம் செய்யவும் இயலாது. எஞ்சியது தொலைபேசி. சிறைத் தொலைபேசியை நடத்தும் தனியார் நிறுவனங்கள் வைத்ததே விலை. அதில் சிறைகளுக்கும் பங்கு. சில இடங்களில் 15 நிமிடப் பேச்சுக்கு 17 டாலர் வரை ஆயிற்று. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மூன்று நிமிடத்தில் ஊர்ச்செய்தி அனைத்தையும் கேட்டு முடிக்கப் பழகிய நமக்கு, ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணிக்கொண்டு பேசும் பேச்சு எத்தகையது எனத் தெரியும். மருந்துச் செலவைக் குறைத்துப் பேரனோடு பேசிய அப்பாட்டி 2003-இல் நடுவண் ஆணையத்துக்கு முறையிட்டார். ஆணையம் உச்சவரம்பு விதித்தது 2013-இல். 2015-இல் அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தாயிற்று.

இனி அந்நான்கு கண்ணிகளுக்கு வருவோம். 2014 ஆகஸ்டில் மிசௌரி மாநிலத்துப் பெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்னும் 18 வயது இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு கொந்தளித்தது. சுட்டவர்மீது வழக்கு நிற்காது என்றே நடுவண் நீதித்துறை முடிவு செய்தது. ஆனால் அந்நகரக் காவல் முறையை ஆராய்ந்து 2015 மார்ச்சில் அது வெளியிட்ட அறிக்கை, கொந்தளிப்பின் வேரைக் காட்டியது. 21,000 பேர் வாழும் சிறுநகரம். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். நகராட்சி தன் வருவாய்க்கு அபராதத்தையே நம்பியிருந்தது. இவ்வளவு தண்டவேண்டும் எனக் காவல் துறையை நெருக்கியது. கைதானவர்களுள் 93 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். 2014 இறுதியில் 16,000 பேருக்கு மேல் பிடியாணை நிலுவையில் இருந்தது.

அவ்வறிக்கையில் பெயர் குறிக்கப்படாத ஒரு பெண்மணி வருகிறார். 2007-இல் ஒருநாள் தவறான இடத்தில் வண்டியை நிறுத்தினார். அபராதம் 151 டாலர், மேலும் கட்டணங்கள். ஏழை, சிலகாலம் வீடற்றவர். நீதிமன்றத் தவணை தவறினார். தவறிய ஒவ்வொரு தவணைக்கும் புதிய அபராதம். இருமுறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தார். 25 டாலரும் 50 டாலருமாகக் கட்ட முயன்றபோது, முழுத்தொகை அன்று எனத் திருப்பி அனுப்பினர். ஏழாண்டில் 550 டாலர் கட்டிய பின்னும் அவர் தர வேண்டியது 541 டாலர். நம் கிராமத்து வட்டிக்கடைக்காரர்களும் நாணும் கணக்கு. 1865-இன் மிசிசிப்பிச் சட்டத்தையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், இடையில் 150 ஆண்டு கழிந்ததை நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2020 மே 25-ஆம் நாள் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை அன்பர்கள் அனைவரும் அறிவர். கழுத்தின்மேல் முழங்கால், 9 நிமிடம் 29 நொடி. பலரும் அறியாதது, காவல் துறை முதலில் வெளியிட்ட குறிப்பு. காவலரோடு நேர்ந்த நிகழ்வில் உடல்நலக் கேட்டால் ஒருவர் இறந்தார் என்னும் வகையிலேயே அது அமைந்திருந்தது. முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவ்வழி வந்த 17 வயதுப் பெண் டார்னெல்லா ஃபிரேசியர் தம் கைப்பேசியில் படம் பிடித்திராவிடில் அந்தக் குறிப்பே வரலாறாகியிருக்கும். அந்தக் காவலருக்கு 2021-இல் இருபத்திரண்டரை ஆண்டுத் தண்டனை கிடைத்தது.

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இங்கே ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. 2015 பிப்ரவரி. குஜராத்திலிருந்து 57 வயது முதியவர் ஒருவர் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டுக்குச் சென்றிருந்தார். போய்ச் சில நாட்களே ஆகியிருந்தன. ஆங்கிலம் தெரியாது. காலையில் மகன் வீட்டுத் தெருவில் நடந்துகொண்டிருந்தார், நம்மில் எத்தனையோ பேர் அங்குச் சென்று நடப்பதுபோல். அக்கம்பக்கத்தார் ஒருவர் காவல் துறையைத் தொலைபேசியில் அழைத்து, மெலிந்த கறுப்பன் ஒருவன் திரிகிறான் என்றார். வந்த காவலர் கேட்டது இவருக்குப் புரியவில்லை. கைகளைப் பின்னால் பிடித்துத் தரையில் குப்புற வீழ்த்தினார் காவலர். முதியவரின் உடல் செயலிழந்தது. இருமுறை விசாரணையில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 2016-இல் நீதிபதி காவலரை விடுவித்தார். இது நிகழ்ந்தது அலபாமா மாநிலத்தில். ‘அந்தப் பகுதிக்குப் போகாதே’ என்று தொலைபேசியில் நாம் சொல்லும்போது, யாரோ ஒருவர் நம்மைப் பற்றியும் அதே குரலில் அதே தொலைபேசியில் சொல்லக் கூடும். அம்முதியவர் கறுப்பராகவே இருந்திருந்தால் அச்செய்தி நம் நாளிதழ்களுக்கு வந்திருக்குமா என்பதையும் நாம் எண்ணாமல் இல்லை.

மாநிலங்கள் சில அண்மையில் தத்தம் அரசியல் சட்டங்களிலிருந்து அந்த விதிவிலக்கை நீக்க முற்பட்டுள்ளன. கொலராடோ 2018-இல் நீக்கியது. நெப்ராஸ்கா, யூட்டா 2020-இல். 2022 நவம்பரில் டென்னசி, ஆரிகன், வெர்மான்ட் ஆகியவற்றோடு, ஆம், அலபாமாவும் வாக்களித்து நீக்கியது. அதே நாளில் லூசியானா மறுத்தது. சொற்கள் குழப்பமாக அமைந்துவிட்டன என்று, தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே எதிர்த்து வாக்களிக்கச் சொன்னார். 2024-இல் நெவாடா ஏற்றது, கலிபோர்னியா மறுத்தது. நடுவண் அரசியல் சட்டத்தில் அச்சொற்றொடர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. லூசியானாவின் பெருஞ்சிறைக்கு அங்கோலா என்று பெயர், 18,000 ஏக்கர். அடிமைகளைப் பிடித்து வந்த ஆப்பிரிக்க நாட்டின் பெயரை முன்னொரு நாள் தோட்டக்காரன் அதற்கு இட்டான். அங்கே குதிரைமேல் அமர்ந்த காவலர் பார்த்திருக்க, மணிக்குச் சில சென்ட் கூலிக்கும் கூலியின்றியும் கைதிகள் வயலில் வேலை செய்கிறார்கள்.